குடிக்கூலி: ஓரறை வீட்டின் சொல்லும் பொருளும்

குடியிருக்கும் வீட்டிற்கு மாதந்தோறும் கொடுக்கப்படும் பணத்திற்கு இன்று எங்கும் வழங்கும் பெயர் வாடகை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இச்சொல் வடமொழியிலிருந்து வந்ததெனக் காட்டும். கன்னடத்தில் 'பாடிகெ' என்றும், மலையாளத்தில் 'வாடக' என்றும், இந்தியில் 'பாடா' என்றும் இதன் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. இச்சொல் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம். மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம். திருமணத்திற்கு வேண்டிய நாற்காலியும் பாத்திரமும் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கிடைக்கும். அவ்வரிசையில் வீடும் ஒரு பொருளாகப் போய் நின்றுவிடுகிறது.

வீட்டிற்கென்றே வழங்கிய சொல் ஒன்று தமிழில் உண்டு. அது குடிக்கூலி என்பது. அகராதிகளில் இன்றும் இருக்கின்றது. பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூலி என்பது செய்த வேலைக்கோ பெற்ற பயனுக்கோ ஈடாகக் கொடுப்பது. வண்டிக்கூலி, தையற்கூலி, ஏற்றுகூலி என்பவற்றில் அப்பொருள் விளங்கும். குடி என்பதோ விரிந்த பொருளுடைய சொல். மனையும் குடி, அதில் வாழும் குடும்பமும் குடி, நாட்டு மக்களும் குடி. குடிபுகுதல், குடிவைத்தல், குடித்தனம், குடியிருப்பு, குடிமகன் ஆகிய அனைத்தும் அவ்வேரினின்று கிளைத்தவையே. ஆகவே குடிக்கூலி என்னும்போது, பணம் கொடுக்கப்படுவது கல்லுக்கும் சுண்ணாம்புக்குமன்று, குடியிருத்தல் என்னும் செயலுக்கே என்பது சொல்லிலேயே அமைந்து கிடக்கிறது.

சொல்லாராய்ச்சிக்கு உவப்பான செய்தி என்பதற்காக இதனை எடுத்துரைக்கவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடு வாடகைக்கு எடுத்தோர்க்கும் கொடுத்தோர்க்கும் இடையே எழுந்த வழக்குகளிற் பல, கொடுத்த பணம் சுவருக்கா, வாழ்வுக்கா என்னும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே எழுந்தவை. ஓரறை வீட்டில் இக்கேள்வி மிகக் கூர்மையாக வெளிப்படும். ஏனெனில் அங்கே சமையலும் உறக்கமும் படிப்பும் நோயும் விருந்தும் ஒரே அறைக்குள் அடங்குகின்றன. அவ்வறையை இழப்பவன் அனைத்தையும் ஒரே நாளில் இழக்கிறான்.

கூலிக்குக் குடி

மலாயாத் தமிழரிற் பெரும்பாலோர் இந்நாட்டில் முதன்முதற் குடியிருந்த வீடு வாடகை வீடன்று. தோட்டத்து லயத்து வீடு அது. அதற்கு மாதவாடகை இல்லை. ஆனால் வேலை செய்யும்வரையே வீடு. வேலை போனால் வீடும் போம். குடிக்குக் கூலி கொடுக்கும் முறைக்கு நேர்மாறாக, அங்கே கூலிக்குக் குடி கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், வாழைமரம் நட்டும், கோவில் எழுப்பியும், அம்மண்ணில் சட்டம் ஒப்பும் உரிமை யாதும் அவர்கட்கு ஏற்படவில்லை. 1950களில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கி, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. புதிய உடைமையாளருக்கு ஆள் வேண்டாம். ஆள் வேண்டாதபோது லயமும் வேண்டாம். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்க முற்பட்டதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூரிலும் இம்முறை இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும், இரயில்வேயிலும், நகராண்மைக் கழகத்திலும் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் அவ்வவ் வேலைக்குரிய குடியிருப்புகளிலே வாழ்ந்தனர். பிரிட்டிஷ் படை வெளியேறும் என்னும் அறிவிப்பு 1968 சனவரியில் வந்தது. 1971-இல் அது நிறைவேறியது. வேலையை இழந்தவர்கள் வீட்டையும் இழந்தனர். பலர் தாயகம் திரும்பினர். எஞ்சியோர் நகரத்திலும் புறநகரிலும் குடிக்குக் கூலி கொடுக்கும் வாழ்வை மேற்கொண்டனர். தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்ததற்கு நகரத்திற் பணம் கொடுப்பது இழப்பாகத் தோன்றலாம். எனினும், பணம் கொடுத்து ஒப்பந்தம் பெற்றவனை ஒரு நாட் காலையிற் கங்காணியின் சொல்லால் வெளியேற்ற இயலாது என்பது சிறிய மாறுதலன்று.

தடுப்பறை முதல் அடுக்குவீடு வரை

அடுக்குவீடுகள் எழுமுன் நகரத்தில் ஓரறை வாழ்வு எங்கே இருந்தது? கடைவீடுகளின் மேல்மாடிகளில். ஒருவர் வீட்டுக்காரரிடமிருந்து மாடி முழுவதையும் வாடகைக்கு எடுப்பார். மரப்பலகையால் தடுத்துப் பல அறைகளாக்குவார். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு குடும்பத்திற்கு விடுவார். இவர் தலைமை வாடகைதாரர் எனப்பட்டார். அறைகள் பலவற்றிற் சன்னலே இராது. சமையலிடமும் கழிப்பிடமும் எல்லார்க்கும் பொது. பாரிங்டன் கே என்னும் ஆய்வாளர் சிங்கப்பூர்ச் சீனர் நகரத்தின் அப்பர் நான்கின் தெருவில் 1950களின் நடுவில் வீடு வீடாகச் சென்று கண்டவற்றை 1960-இல் நூலாக வெளியிட்டார். அவ்வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அந்நூல் இன்றும் முதற்சான்று.

போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் மிகுந்தபோது, 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாளுக்குள் கட்டப்பெற்ற கட்டடங்களின் வாடகையை ஏற்றுவதும், குடியிருப்போரை வெளியேற்றுவதும் தடுக்கப்பட்டன. இதன் நோக்கம் நன்று, விளைவோ இருவகைப்பட்டது. குடியிருந்தோர் நிலைபெற்றனர். வீட்டுக்காரரோ, வரும் சொற்ப வாடகையிற் கூரையைச் செப்பனிட மனமின்றி விட்டனர். கட்டுப்பட்ட வாடகைக்கும் உண்மை மதிப்பிற்கும் இடைப்பட்ட ஆதாயம் தலைமை வாடகைதாரர் கைக்குச் சென்றது. அறை வேண்டுவோர் 'தேநீர்ப் பணம்' என்னும் பெயரால் முன்கூட்டியே ஒரு தொகையைக் கொடுக்கவும் நேர்ந்தது. சட்டம் சுவரின் விலையைக் கட்டியது; வாழ இடம் தேடியவனின் தேவையைக் கட்ட இயலவில்லை.

சிங்கப்பூரில் இச்சட்டம் 2001-இல் நீக்கப்பட்டது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் நிறைவேறி, இடைக்காலம் கழிந்து 2000 சனவரி முதல் வாடகை முற்றும் தளர்ந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் அச்சட்டத்தின்கீழ் இருந்தன. வாடகை பன்மடங்காயிற்று. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் புறநகர் அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு தெருவின் சிறுதொழில்களும் பெயர்ந்தன.

சிங்கப்பூரில் அரசினர் வீடுகட்டத் தொடங்கியது 1927-இல் அமைந்த சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வாயிலாகும். எஸ்.ஐ.டி. வீடு என்று முதியோர் கூறுவது இதனையே. தியோங் பாருவில் 1936-இல் அதன் முதல் அடுக்குவீடுகள் குடியேற்றம் பெற்றன. ஆயினும் அவை தேவைக்குப் போதவில்லை. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்றது. மறு ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் எழுந்த பெருந்தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. எரிந்த நிலத்திலேயே விரைந்து எழுந்த அடுக்குகளில் ஓரறை வீடுகள் மிகுதி. ஓரறைக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40 வெள்ளி, மூவறைக்கு 60 வெள்ளி என்பது அக்கால வாடகை. அறை ஒன்றேயாயினும், கதவைச் சாத்தினால் உள்ளே குழாய்நீரும் தனிச் சமையலிடமும் தனிக் கழிப்பிடமும் இருந்தன. மரப்பலகைத் தடுப்பறையிலிருந்து வந்தவர்க்கு, அறையின் அளவு சிறிதே மாறியிருப்பினும், குடியின் தன்மை முற்றும் மாறிவிட்டது.

வாரம், குத்தகை, ஒற்றி

1964-இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டும் வீடு வாங்கலாம் என்றாயிற்று. இதன்பின் வாடகைக்காரர் தொகை குறைந்துகொண்டே சென்றது. பழைய ஓரறை வீடுகள் பல இடிக்கப்பட்டன. சிலவற்றில் நடுச்சுவரை நீக்கி இரண்டு மூன்று வீடுகளை ஒன்றாக்கினர். 'சொந்த வீடு' என்பது பெருமைக்குரிய சொல்லாயிற்று.

இங்கே தமிழாசிரியர் ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். கழக வீட்டை வாங்கியவர் பெறுவது சட்டப்படி 99 ஆண்டுக் குத்தகை. அவரை உடைமையாளர் என்கிறோம், நிலமோ அவருடையதன்று. அவர்பால் ஓர் அறையை எடுத்துத் தங்குபவர் வாடகைதாரர். ஒருவர் நீண்ட காலத்திற்குக் குடி, மற்றவர் குறுகிய காலத்திற்குக் குடி என்று கூறினும் பெரும்பிழை ஆகாது. கால அளவே வேற்றுமைக்கு அடிப்படை. ஆனால் அக்கால அளவு உரிமையில் விளைக்கும் வேறுபாடு மிகப் பெரிது: ஒருவர் விற்கலாம், வழிவழி விடலாம்; மற்றவர் இரண்டையும் செய்ய இயலாது.

தமிழிற் பிறர் உடைமையைப் பயன்கொள்ளும் முறைகளுக்குத் துல்லியமான பெயர்கள் உண்டு. வாரம் என்பது விளைச்சலிற் பங்கு; மழை பொய்த்தால் இருவர்க்கும் இழப்பு. குத்தகை என்பது விளைந்தாலும் விளையாவிடினும் கொடுக்கவேண்டிய கட்டுத்தொகை. ஒற்றி என்பது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, அதற்கு வட்டியும் வாங்காமல் வாடகையும் கொடுக்காமல் வீட்டையோ நிலத்தையோ அனுபவித்து, தொகை திரும்பும் நாளில் ஒப்படைப்பது. போகியம் என்றும் இதனைக் கூறுவர். தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டைப் போகியத்திற்கு விடும் வழக்கம் இன்றும் இருக்கின்றது. சிங்கப்பூரில் அஃது இல்லை. ஆகவே அங்கிருந்து புதிதாக வேலைக்கு வருவோர் 'லீஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டுப் போகியம் என்று கருதிவிடலாகாது. சென்னை வீட்டுப் பேச்சில் லீஸ் என்பது பெரும்பாலும் ஒற்றியையே குறிக்கும். சிங்கப்பூரில் அது வாடகை ஒப்பந்தமோ நெடுங்காலக் குத்தகையோ ஆகும்.

இன்னும் ஒரு சொல்லிணை நோக்கத்தக்கது. தொண்டைமண்டலத்து மிராசி முறையில் உள்குடி, பரகுடி என இருவகைப் பயிர்க்குடிகள் இருந்தனர். ஊரிலே நிலைத்து வாழ்ந்து, உரிய பங்கைச் செலுத்தும்வரை அகற்றப்படாதவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து ஒப்பந்தக் காலத்திற்கு மட்டும் பயிரிட்டவர் பரகுடி. எல்லிஸ் துரை 1818-இல் மிராசி உரிமைபற்றி எழுதிய விடைகளில் இவர்களைப் பற்றிய செய்தி உண்டு. வாடகைக்கு எடுத்தவர் மேலும் ஒருவர்க்கு உள்வாடகைக்கு விடுவதைச் சிலர் உள்குடி என்று மொழிபெயர்க்க விரும்பக்கூடும். அது பொருந்தாது. உள்குடி உறுதிமிக்க உரிமையுடையவன். உள்வாடகைக்கு வந்தவனோ உறுதி மிகக் குறைந்தவன்.

அறை எண்ணும் முறை

ஓரறை வீட்டை இப்போது 'ஸ்டூடியோ' என்கின்றனர். இத்தாலிய மொழியில் இச்சொல் படிப்பறையையும் ஓவியர் வேலை செய்யும் கூடத்தையும் குறிக்கும். தடுப்புச் சுவரில்லாத அத்தகைய கூடத்தைப்போன்று, படுக்கையும் இருக்கையும் அடுப்பும் ஒரே வெளியில் அமைந்த வீட்டிற்கு அப்பெயர் ஏற்பட்டது. தமிழர்க்கு ஸ்டூடியோ என்றால் நிழற்படம் எடுக்குமிடம் அல்லது கோடம்பாக்கம். 'ஸ்டூடியோவில் குடியிருக்கிறேன்' என்று மகன் எழுதினால் ஊரிலுள்ள தாய் திகைப்பதில் வியப்பில்லை.

அறையை எண்ணுவதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. சிங்கப்பூர்க் கழக வீட்டில் கூடமும் ஓர் அறையாகக் கணக்கிற் சேரும். மூவறை வீட்டிற் படுக்கையறை இரண்டே. ஓரறை வீட்டிலோ கூடமும் படுக்கையும் ஒன்றே. மலேசியாவிற் படுக்கையறைகளை மட்டுமே எண்ணுவர். தமிழ்நாட்டு விளம்பரங்களில் படுக்கையறை எண்ணிக்கையோடு கூடமும் சமையலறையும் தனியே குறிக்கப்படும். கணக்கு முறை அறியாது வாடகை பேசுவோர் ஓர் அறை குறைவாகப் பெற்று வருந்துவர்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே 1998-இல் 55 வயது கடந்தோர்க்கென ஸ்டூடியோ வீடுகளை அறிமுகம் செய்தது. ஒன்று 35 சதுர மீட்டர், மற்றொன்று 45 சதுர மீட்டர். குத்தகை 30 ஆண்டுகள். 2015-இல் இத்திட்டம் ஈரறை நெகிழ்வு வீட்டுத் திட்டத்தில் இணைந்தது. அதன்கீழ் 55 வயது கடந்தோர் 15 முதல் 45 ஆண்டு வரையிலான குறுங்குத்தகையைத் தெரிந்துகொள்ளலாம். வாங்குவோர்க்கு 95 வயது ஆகும்வரை அது நீடிக்கவேண்டும் என்பது விதி. தம் எஞ்சிய வாழ்நாளின் அளவிற்குக் குடியை அளந்து வாங்கும் முறை இது. வாடகைக்கும் விலைக்கும் இடையிலே நிற்பது.

வீடு வாங்க இயலாதோர்க்கு அரசின் பொது வாடகை வீடுகள் உள. இவ்வோரறை, ஈரறை வீடுகளுக்கு வாடகை, சந்தை விலையைக் கொண்டு விதிக்கப்படுவதில்லை. குடும்ப வருமானத்தைக் கொண்டு விதிக்கப்படுகிறது. அதாவது குடிக்கூலி என்னும் சொல்லின் பொருள் இங்கே ஏறக்குறைய முழுமையாக நிறைவேறுகிறது. எனினும் ஒரு கடினம் உண்டு. 35 வயது கடந்த மணமாகாதோர், துணையை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர் ஆகியோர் தனித்து விண்ணப்பிப்பதைவிட இருவராகச் சேர்ந்து எடுப்பதே நெடுங்கால வழக்கம். முன்பின் அறியாத இரு முதியோர் ஓரறையைப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் விளக்கை அணைத்து உறங்க விரும்பும்போது மற்றவர் வானொலி கேட்பார். ஒருவர் சைவம், மற்றவர் அடுப்பிற் கருவாடு. அண்மை ஆண்டுகளில் இத்தகைய வீடுகளில் தடுப்பு அமைக்கும் முயற்சி தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. சிறு தடுப்புத்தான், ஆனால் குடி என்று சொல்வதற்கு ஒரு மறைவு வேண்டுமன்றோ?

ஒப்பந்தத்தின் சொற்கள்

சந்தையில் வாடகைக்கு எடுப்போர் நிலை வேறு. அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் சொற்கள் சிலவற்றின் பொருளை அறிவது பணத்தையும் மன அமைதியையும் காக்கும்.

எடுத்துக்காட்டாக, புறநகர் ஒன்றில் தனியார் ஸ்டூடியோ வீட்டை மாதம் 1,800 வெள்ளிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருவர் எடுப்பதாகக் கொள்வோம். ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை என்னும் வழக்கப்படி, இரண்டு மாதத் தொகையாகிய 3,600 வெள்ளியை அவர் வீட்டுக்காரரிடம் வைக்கவேண்டும். முதல் மாத வாடகை 1,800 வெள்ளி. மொத்த வாடகை 43,200 வெள்ளிக்கு நூற்றுக்கு 0.4 வீதம் முத்திரைத் தீர்வை 172 வெள்ளி 80 காசு. ஆகக் கைச்செலவு 5,572 வெள்ளி 80 காசு. இதில் திரும்பி வரத்தக்கது முதலிற் கூறிய 3,600 மட்டுமே. ஆயினும் பேச்சில் எல்லாவற்றையும் 'அட்வான்ஸ்' என்றோ 'டெப்பாசிட்' என்றோ ஒன்றாக வழங்கிவிடுகின்றனர். முதல் மாத வாடகை முன்பணம். கொடுத்தவுடன் அது வீட்டுக்காரருடையது. வைத்த தொகையோ பிணைத்தொகை. காலமெல்லாம் அது வாடகைதாரருடையது, காவலில் மட்டுமே வேறொருவரிடம் இருப்பது. வகுப்பறையில் இவ்விரு சொல்லையும் வேறுபடுத்திக் கற்பித்தால் மாணவர்க்குப் பின்னாளில் உதவும்.

முத்திரைத் தீர்வையைப் பலர் வீண்செலவென எண்ணுவர். சிங்கப்பூரிற் கையெழுத்தான ஒப்பந்தத்திற்கு 14 நாட்களுக்குள் அதனைச் செலுத்தவேண்டும். முத்திரையில்லா ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. பிணக்கு எழும் நாளில்தான் இதன் அருமை விளங்கும்.

'டிப்ளமாட்டிக் கிளாஸ்' என்னும் விதிக்கும் தூதரகத்திற்கும் இப்போது யாதொரு தொடர்பும் இல்லை. வேலை நீங்கியோ வேறு நாட்டிற்கு மாற்றப்பெற்றோ சிங்கப்பூரைவிட்டுச் செல்ல நேர்ந்தால், காலம் முடியுமுன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடந்தருவது அவ்விதி. இடைமுறிவு விதி எனலாம். வழக்கமாக 12 மாதம் கழிந்தபின்னரே இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க முடியும். ஆகவே 14 மாத வாடகையிலிருந்து தப்ப வழியில்லை. ஒப்பந்தத்தில் எழுதாவிடின் இவ்வுரிமை தானே வாராது.

இவற்றினும் சுவையான தொடர் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வாடகைதாரர்க்கு அளிக்கும் உறுதிகளுள் தலையாயது 'குவயட் என்ஜாய்மென்ட்' என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அமைதியான இன்பம்' என்றால் நகைப்பே விளையும். பக்கத்து வீட்டு முரசொலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டுக்காரரும் அவர்வழி உரிமை கொண்டாடுவோரும் இடையூறு செய்யாமல், ஒருவர் தம் குடியிருப்பைப் பயன்கொள்ளும் உரிமை என்பது பொருள். சொல்லாமல் சாவி கொண்டு திறந்து உள்ளே வருதல், மின்சாரத்தை நிறுத்துதல் ஆகியவை இவ்வுறுதிக்கு முரண். தமிழ் ஆவணங்களில் 'ஆண்டு அனுபவித்தல்' என்னும் தொடர் நெடுங்காலமாக வழங்குவது. ஆளுதல் உடையவர்க்கு உரியது; அனுபவம் குடியிருப்போர்க்கும் உரியது. 'இடையூறற்ற அனுபவம்' என்று பெயர்த்தால் மூலத்தின் பொருள் சிதையாது. பேச்சுத் தமிழில் உடையவரை 'வீட்டுக்காரர்' என்றே வழங்குவதால், வாடகை கொடுத்தவர் அந்த வீட்டில் விருந்தினர் என்னும் எண்ணம் இருவர் மனத்திலும் ஊறிக்கிடக்கிறது. சட்டம் அவ்வாறு கொள்வதில்லை.

பெயரை மாற்றி எழுதினாற் பொருள் மாறிவிடுமா என்பதற்கும் விடையுண்டு. இங்கிலாந்தில் ஒருவர் இரண்டு அறைகளை வாரம் 37 பவுனுக்கு விட்டார். வாடகை என்றால் குடியிருப்போர்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் எனக் கருதி, ஒப்பந்தத்தில் 'அனுமதி உரிமம்' என்று எழுதினார். குடியிருந்தவரும் அதற்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டார். 'ஸ்டிரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட்' என்னும் அவ்வழக்கிற் பிரபுக்கள் சபை 1985-இல் தீர்ப்பளித்தது: பிறரை விலக்கி அறையைத் தனக்கே வைத்துக்கொள்ளும் உரிமையும், காலவரையறையும், வாடகையும் இருந்தால் அது குடிவாடகையே; தாளில் என்ன பெயர் எழுதினும் ஒன்றுதான். இங்கிலாந்துச் சட்ட மரபை ஒட்டிய இவ்விரு நாடுகளிலும் இத்தீர்ப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பொதுக்கூடமும் பொதுச் சமையலறையும் வைத்துச் சிறு அறைகளை 'உரிமம்' என்னும் பெயரால் விடும் நிறுவனங்கள் பெருகியுள்ள இந்நாளில், அறைச் சாவி யார் கையில் இருக்கின்றது என்பதைக் கேட்டறிவது நலம்.

வேறு சில செய்திகளும் உண்டு. சிங்கப்பூரிற் கழக வீட்டை ஆறு மாதத்திற்குக் குறைந்தும், தனியார் வீட்டை மூன்று மாதத்திற்குக் குறைந்தும் வாடகைக்கு விடலாகாது. கழக வீடாயின் உடையவர் கழகத்தின் ஒப்புதல் பெற்றுள்ளாரா என்பதை முதலிற் கேட்கவேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டிற் காணலாம். கழக வீட்டு வாடகையில் முகவர் கைவழியாகப் பணம் கொடுத்தல் கூடாது. தனி வாசலும் தனிக் குளியலறையும் உண்டென விளம்பரமாகும் 'ஸ்டூடியோ', சிலவேளை பெரிய வீடொன்றில் ஒப்புதலின்றித் தடுப்பெழுப்பி ஆக்கியதாக இருக்கும். பழைய கடைவீட்டுத் தடுப்பறையே புதுப் பெயரும் குளிர்சாதனமும் பெற்று வந்திருக்கிறது என்க. அதிகாரிகள் தடுப்பை அகற்றச் சொல்லும் நாளிற் குடியிருப்பவர் தெருவில் நிற்பார்.

மலேசியாவில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நிலச்சட்டப்படி பதிவு செய்யவேண்டும்; அதற்கு உட்பட்டது வாய்மொழியாகவும் அமையலாம். வாய்மொழியிற் பிணக்கு மிகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு மாதப் பிணைத்தொகையோடு நீர், மின்சாரத்திற்கென அரைமாதத் தொகையும் வைப்பது அங்கே வழக்கம். காலம் முடிந்தும் ஒருவர் வெளியேறவில்லையெனின், 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற ஆணை பெற்றே அவரை வெளியேற்றவேண்டும். பூட்டை மாற்றுவதும் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிவதும் சட்டமாகா.

சாவி திரும்பும் நாள்

பிணக்குகளில் மிகுதியானவை கடைசி நாளிலேதான் எழும். பிணைத்தொகையிலிருந்து எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கலாகாது? 'நியாயமான தேய்வு' என்று ஒப்பந்தம் கூறும். இரண்டாண்டிற் சுவர்ச் சாயம் மங்குவது தேய்வு. சுவரில் ஆணியடித்துப் பெயர்த்தது சேதம். தரையில் நடந்த தடம் தேய்வு. சூடான சட்டி வைத்துக் கருகியது சேதம். ஓரறை வீட்டிற் சமையற் புகை படுக்கையிடம்வரை பரவுமாதலால், திரைச்சீலையின் எண்ணெய் நாற்றம் எவ்வகை என்பது பெரும் வாதமாகும். குளிர்சாதனத்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறை தூய்மை செய்த பற்றுச்சீட்டை வைத்திராதவர், அதன் பழுதிற்குப் பொறுப்பேற்க நேரும். சிறு பழுதுகளில் 150 அல்லது 200 வெள்ளி போன்ற ஓர் எல்லைவரை வாடகைதாரரும், அதற்கு மேற்பட்டதை வீட்டுக்காரரும் ஏற்பது பல ஒப்பந்தங்களில் உள்ள விதி; அவ்வெல்லை ஒவ்வொரு பழுதுக்கா, மொத்தத்திற்கா என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளவேண்டும்.

குடிபுகும் நாளிலேயே அறையின் ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து, பொருட்பட்டியலில் இருவரும் கையொப்பமிட்டால் கடைசி நாள் எளிதாகக் கழியும். அதன்பின்னும் தொகை திரும்பாவிடின், சிங்கப்பூரில் இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். 20,000 வெள்ளிவரை அங்கே கோரலாம். இருவரும் எழுத்தில் உடன்பட்டால் 30,000 வரை. வழக்கறிஞர் அங்கே வாதிடுவதில்லை. வாடகைதாரரும் வீட்டுக்காரருமே எதிரெதிர் அமர்ந்து தத்தம் தாள்களைக் காட்டவேண்டும். பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டிற்குள் கோரிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும்.